இரண்டாவது பக்கிங்

பக்கத்து வளவு அக்காவிடம் நான் முதன்முதலில் இரவல் கேட்டது ஒரு நெருப்புக்குச்சி. அவர் தந்தது அரைக் குச்சி. முழுக் குச்சியைச் சவர அலகால் நெடுக்கப் பிளந்து இரண்டாக்கி வைத்திருந்தார். நான் கல்யாணம் கட்டி ஸ்கந்தபுரத்துக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. குசினிக்குள் போய் உரசினேன், மருந்துத் தலை கழன்று பறந்துவிட்டது. வெட்கத்தை விட்டுத் திரும்பவும் வேலியடியில் போய் நின்றேன். மற்றப் பாதியைக் கொண்டுவந்து தந்தார்.

"பாத்து உரசும் பிள்ளை," என்றார். "பாதை பூட்டினா இதுவும் இல்லை."

அவர் சொன்ன பாதை, வன்னிக்குச் சாமான் வருகிற கண்டி வீதி. போர்க்காலத்தில் ஆமி அதைப் பூட்டினால் வன்னிக்குள் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம்கூட இல்லை. அதெல்லாம் எனக்குக் கேள்விப்பட்ட கதைதான். நான் வளர்ந்தது பூட்டுக்கு அந்தப் பக்கம், வவுனியா ரவுணில். பாதை திறந்து பத்து வருசத்துக்கு மேலாகி, கொழும்புக்கு ஏசி பஸ் ஓடி, கிளிநொச்சியில் கேக் கடைகளெல்லாம் வந்த பிறகும் அக்காவின் வாயிலிருந்து அந்த வசனம் போகவில்லை. நான் சீனி அரைக் கிலோ வாங்கி வந்தால், பாதை பூட்டினா என்ன செய்வீர் என்பார். நாங்கள் காஸ் அடுப்பு வாங்கியபோது கல்யாண வீட்டில் இழவுச் செய்தி கேட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, விறகடுப்பை இடிச்சுப் போடாதையுங்கோ என்றார். என் கணவர் அவருக்குப் 'பாதைபூட்டி அக்கா' என்று பெயர் வைத்திருந்தார். முகத்துக்கு நேரே சொல்ல ஆளுக்குத் துணிவு கிடையாது, அந்த வீரமெல்லாம் என்னிடம்தான்.

இப்போது நாங்கள் வவுனியாவுக்கே வந்துவிட்டோம். இங்கே பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. அக்காவை நினைக்காமல் ஒரு நெருப்புப் பெட்டியை இன்னும் என்னால் உடைக்க முடியவில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். பாவாடைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சேர்ட்டுத்தான் போடுவார். கட்டிலுக்குக் கீழே இரண்டு கான் மண்ணெண்ணெய் எப்போதும் இருக்கும். சவர்க்காரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்திருப்பார். உப்பு மட்டும் ஒரு சாக்கு. மோட்டார் சைக்கிளின் தாங்கியில் பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார், இறங்கினால் கிளிநொச்சிக்கு ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவரோடு கடைக்குப் போனால் எனக்கு மானமே போய்விடும். கடைக்காரப் பெடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அக்கா, நாளைக்கும் கடை திறப்பன் என்பான். அவர் அதைக் காதில் வாங்குவதே இல்லை.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லத்தான் தொடங்கினேன். தொண்ணூறு சிசி, ஜப்பான்காரன் செய்த பழைய சாமான், ஒரு காலத்தில் சிவப்பு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மண்ணெண்ணெயில் ஓட்டுவார். காரணம் கேட்டால், பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பார். யாருக்குப் பழக்கம், உங்களுக்கா சைக்கிளுக்கா என்று கேட்டேன். ரெண்டு பேருக்கும்தான் என்றார். தாங்கிக் குழாயைப் பூட்டிவிட்டு, ஒரு சின்ன மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு உதைப்பார். எஞ்சின் பிடித்ததும் பக்கத்தில் கட்டிய இன்னொரு போத்தலிலிருந்து குழாய் வழியாக மண்ணெண்ணெயை விடுவார். ஒழுங்கை முழுக்கப் புகை. நான் அன்றைக்குத்தான் உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டிருப்பேன். ஒரு முறை ஈரச் சீலையோடு வேலியடியில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தியும் விட்டேன். அடுத்த மாதத்திலிருந்து ஓட்டுகிறதற்கு முதல் நாளே வந்து, நாளைக்குத் தோய்க்காதையும் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போவார். ஓட்டுகிறதை மட்டும் நிற்பாட்டவில்லை.

எஞ்சின் வேலை அவர் எங்கே பழகினார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் மட்டும் நின்ற ஒரு வாகனத் திருத்தகத்தில் இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நானும் தோண்டியதில்லை.

என் மகளுக்கு ஒரு நாள் பகலில் காய்ச்சல் கூடி, கண் செருகத் தொடங்கிவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார், அப்போது என்னிடம் ஸ்கூட்டியும் இல்லை. நான் குழறின சத்தத்துக்கு அக்கா கையில் சாம்பலோடு ஓடிவந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன், அக்கராயன் ஆஸ்பத்திரிக்கு விட்டார். குளக்கட்டு ஏற்றத்தில் சைக்கிள் முக்கிக்கொண்டு நின்றுவிட்டது. நான் இறங்கிப் பிள்ளையோடு ஏற்றத்தில் ஓட, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அவர் என்னோடு வந்து வாட்டு வாசலில் நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் அந்தச் சைக்கிளை அந்த ஏற்றத்தில் மனதார ஏசினதையும் மறக்கவில்லை.

அக்காவின் சீவியம் பால். விடியப் பால் வீடுகளுக்குப் போய்ச் சேர்த்து, இரண்டு பெரிய கான்களையும் சைக்கிளின் இரு பக்கமும் தூக்கி, அதே குளக்கட்டு ஏறி அந்தப் பக்கத்தில் இருக்கும் சேகரிப்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும். எஞ்சின் தேய்ந்துபோய் நீலப் புகை கக்கத் தொடங்கிய பிறகு ஏற்றத்தில் நின்று நின்று போக வேண்டி வந்தது. பால் ஆருக்காகவும் பார்த்துக்கொண்டு இருக்காது. பிந்திப் போன பால் புளித்துவிட்டது என்று திரும்பி வந்தது, ஒரு தரம் இல்லை, இரண்டாம் தரமும். நிலையப் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் இன்னொரு முறை இப்படி நடந்தால் அந்தப் பக்கத்துப் பாலை ஓட்டோ வைத்திருக்கும் ஒரு பெடியனிடம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பால் போனால் அக்காவுக்கு வேறு வழியில்லை. லீசிங்கில் தவணைக்குப் புதுச் சைக்கிள் எடுங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கதையை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

எஞ்சினைத் தானே கட்டப் போவதாகச் சொன்னார். என் கணவரின் தம்பியிடம் பெட்டி பூட்டிய சின்ன உழவு மெசின், லாண்ட்மாஸ்ரர், இருந்தது. அறுவடை தொடங்கும்வரை பாலை அதில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அவன் ஒத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனுக்கு மூச்சு விடவும் நேரம் இருக்காது. ஆக, அக்காவுக்குக் கிடைத்தது ஒரு கிழமைதான்.

வீட்டுக்குள்ளேயே, கூடத்தில் உரப்பையை விரித்து எஞ்சினை இறக்கினார். கையாள் நான். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொன்றையும் உரப்பையில் வரிசையாக வைக்க வேண்டும், ஒரு ஆணி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். பழைய பல்துலக்கியால் நான் கரி தேய்த்தேன். அவர் வால்வுகளுக்கு அரைப்பு மா பூசி, கைகளுக்கிடையில் கோலை உருட்டி, பருப்புக் கடைகிற மாதிரி மணிக்கணக்கில் தேய்த்தார். பிஸ்ரன் புதிது. பழைய அளவில் வாங்கவில்லை, வேறொரு மொடலின் பெரிய பிஸ்ரன். அதற்கேற்றபடி சிலிண்டரைக் கிளிநொச்சியில் ஒரு லேத்தில் கொடுத்துக் குடைந்து எடுத்தோம். காபரேற்றரும் கழித்துவிட்ட ஒரு ஸ்கூட்டியிலிருந்து வந்த பெரிசு. தொண்ணூறு சிசியைக் கூட்டிக் கட்டுவது எங்கள் பக்கத்தில் மீசை முளைத்த பெடியன்களின் வேலை, அக்கா, உங்களுக்கு என்ன றேஸ் ஓடுற யோசனையோ என்று பகிடி விட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

சிலிண்டரைத் திரும்பப் பூட்டுகிற நாளில்தான் அதைக் கண்டேன். சிலிண்டருக்கு அடியில் கசியாமல் வைக்கிற பக்கிங் தாள் ஒன்று பிஸ்ரனோடு கடையிலிருந்தே வந்திருந்தது. அக்கா தடித்த தாள் ஒன்றை எடுத்து, சிலிண்டர் வாயில் வைத்து, விளிம்பு நெடுகச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இன்னொன்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்டு வந்ததுதானே அக்கா. இது என்னத்துக்கு?"

"அது பெற்றோலுக்கு. இது மண்ணெண்ணெய்க்கு."

பிறகு விளங்கப்படுத்தினார். இறுக்கமான எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியாது, தட்டும். இரண்டாவது பக்கிங் வைத்தால் சிலிண்டர் ஒரு தாளின் தடிப்புக்கு மேலே எழும்பும், உள்ளே இறுக்கம் குறையும், மண்ணெண்ணெய் எரியும். பெற்றோலும் எரியும், ஆனால் இழுவை போய்விடும். பாதை பூட்டியிருந்த காலத்தில் எல்லா எஞ்சினும் அப்படித்தான் ஓடினதாம். எனக்கு அப்போதுதான் ஏற்றத்தில் பிள்ளையோடு ஓடினதன் காரணம் பிடிபட்டது. தேய்மானம் பாதி, அப்போதும் உள்ளே இருந்த இப்படியொரு தாள் பாதி.

"அப்ப இதை எடுத்துவிட்டால் இழுக்குமே," என்றேன்.

"அதுக்குத்தானே பெரிய பிஸ்ரன். இழுவையும் வேணும், மண்ணெண்ணெயும் ஓடோணும்."

ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்றால் இதுதான் என்று நினைத்தேன், சொல்லியும் விட்டேன். எனக்கு அடக்கி வைக்க வராது. பால் போகப் போகிறது, நீங்கள் வராத மண்ணெண்ணெய்க் காலத்துக்கு எஞ்சின் கட்டுகிறீர்கள் என்றேன். அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சேர்ட்டின் கையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, காலைச் சாப்பாடு பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார். அவரின் அம்மாவுக்குப் பிறஷர். குளிசை ஒரு கிழமைக்கு இருந்தது. ஐயா வவுனியாவுக்குப் போய் வாங்குகிறவர். அன்றைக்கு வயலில் வேலை இருந்ததால் அடுத்த கிழமை போவம் என்றாராம்.

"அடுத்த நாள் பாதை பூட்டிட்டாங்கள்," என்றார்.

நான் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. பிறகு கன நாள் இருக்கேல்லை."

அதோடு திரும்பவும் சுத்தியலை எடுத்துவிட்டார். இரண்டாவது பக்கிங்கை நானே பிடித்துக் கொடுத்தேன், இரண்டையும் வைத்துச் சிலிண்டரை இறக்கிப் பூட்டினோம்.

எஞ்சின் இரண்டாம் உதையில் பிடித்தது. சத்தம் அவ்வளவு சீராக இருந்தது, என் கணவர்கூட வந்து பார்த்துவிட்டு மெச்சினார். சமதரையில் பறந்தது. லாண்ட்மாஸ்ரர் வயலுக்குப் போன முதல் நாள், அக்கா இரண்டு கான்களையும் நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். மனம் கேளாமல் நானும் என் ஸ்கூட்டியில் பின்னால் போனேன்.

குளக்கட்டு ஏற்றத்தில் முக்கால்வாசி நன்றாகத்தான் ஏறியது. பிறகு குரல் தாழ்ந்தது. அக்கா கியரைக் குறைத்தார், இன்னும் குறைத்தார், எஞ்சின் நின்றுவிட்டது. பிரேக்கைப் பிடித்தார், பாரம் பின்னுக்கு இழுத்தது, கிரவலில் சில்லு சறுக்கியது. சைக்கிளும் அக்காவும் இடப்பக்கமாகச் சரிந்தார்கள். கான் மூடி இரண்டும் கழன்று, அவ்வளவு பாலும் குளக்கட்டிலிருந்து வழிந்து ஓடியது. அக்காவின் முழங்கை உரஞ்சியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, பாலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பொறுப்பாளருக்கு நான் போன் எடுத்து, அக்கா விழுந்துவிட்டார் என்று அழாக்குறையாகச் சொன்னேன். நாளைக்குப் பார்ப்போம், நாளையோடு சரி என்றார்.

அன்றைக்கே பால் தந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் நடந்து போய் அக்கா நேரில் சொன்னார். நட்டம் தன்னுடையது என்றார். கடைசி வீடு மலையகத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்து, காடு வெட்டி, இங்கேயே கமம் செய்து கிழவியாகிப்போன ஒரு அம்மாவின் வீடு. அந்த அம்மாவிடம் ஒரேயொரு பசு. எங்களை இருத்திப் பிளேன்ரீ தந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்க, அக்கா தேத்தண்ணீரை ஆற்றினார். என் வாய் சும்மா இருக்குமா? மண்ணெண்ணெய்க் கதை, பக்கிங் கதை, பாதைக் கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்த அம்மா முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"எப்பவோ வரப்போற கஷ்டத்துக்கு இன்னைக்கே எங்க பாலைக் கொட்டிப்புட்டியே, தங்கச்சி."

அக்கா தலை நிமிரவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பினார். அந்த அம்மா சொன்னது பிழை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் எஞ்சினைத் திரும்ப இறக்கினார். எண்ணெய் ஊறிய அந்தத் தாளை அலகால் சுரண்டி எடுத்தார். உடைந்த ஆணியைக்கூட எறியாத மனுசி, அதைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார். நான் கூடவே நின்று சாவிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒற்றைப் பக்கிங்கோடு பூட்டி முடிக்கும்போது பொழுது சாயவில்லை. அடுத்த நாள் காலை இரண்டு கான் பாலோடும் அந்தச் சைக்கிள் குளக்கட்டில் நிற்காமல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. குளத்தில் துணி தோய்த்துக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்களாம். திரும்பி வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் கூடத்தான் இழுக்குது என்றார். சந்தோசம்தான், ஆனால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவர் மாதிரித்தான் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் திரிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கொடியில் உடுப்புகள் நிம்மதியாகக் காய்ந்தன.

அது நடந்து சில மாதம்கூட ஆகவில்லை. நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது.

எனக்கு அக்காவின் முகத்தில் முழிக்கப் பயம். எண்ணிப்பாருங்கள், ஒரு மனுசி பத்து வருசத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டிருந்த நாள், அவர் அந்தத் தாளை எரித்த பிறகு வந்து நிற்கிறது. என் கணவர் வேறு, எல்லாம் உன்ர வாயாலதான் என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். வேலிப்பக்கம் போகாமல் இரண்டு நாள் ஒளித்துத் திரிந்தேன். அக்காவோ தன் பாட்டில் பழைய மிதிசைக்கிளில் கான்களைக் கட்டி, விடியலுக்கு முன்பே உருட்டிக்கொண்டு போனார். பால் அவர் கையை விட்டுப் போகவில்லை. ஓட்டோப் பெடியனுக்கும் பெற்றோல் இல்லையே, அவன் எப்படி வாங்கிக்கொள்வது.

இன்னொன்றும் நடந்தது. கடையில் மண்ணெண்ணெயும் இல்லை, மிளகாய்த் தோட்டக்காரர்களின் தண்ணீர்ப் பம்புகள் எல்லாம் நின்றுவிட்டன. அக்கா கட்டிலுக்குக் கீழே இருந்த கான்களை இழுத்து வெளியே வைத்து, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் போத்தல் போத்தலாக அளந்து கொடுத்தார். உங்களுக்கு வைக்கவில்லையா என்று கேட்டேன். மிளகாய் காயுதெல்லோ என்றார்.

கிளிநொச்சியில் பெற்றோல் வருகிறது என்று ஒரு நாள் கேள்விப்பட்டு, நானும் அக்காவும் வண்டிகளை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றோம். வெயில். வரிசையின் தலை எங்கே என்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு இளம் ஆள் சிவில் உடுப்பில் தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். தலைமயிரையும் சப்பாத்தையும் பார்த்தாலே ஆமி என்று தெரிந்தது. அவனும் எங்களைப் போலத்தான் வியர்த்துக்கொண்டு நின்றான். எனக்கு இனித் தாங்காது என்று வந்துவிட்டது.

"அக்கா, அந்த மற்றப் பக்கிங்கைத் திருப்பிப் போடுவமோ? தாளை நானே வெட்டித் தாறன்."

முன்னால் நின்றவனை நாடியால் காட்டினார்.

"ஆமிக்காரனும் வரிசையிலதான் நிக்கிறான், பாத்தனீரே?"

"ஓம்."

"கொழும்பிலயும் இல்லையாம்."

"எங்கயும் இல்லை அக்கா."

"அப்ப இது பூட்டினதில்லைப் பிள்ளை," என்றார். "இது முடிஞ்சது. முடிஞ்சது பிறகு வரும்."

சொல்லிவிட்டு வீதிக்கரை மருத மரத்துக்குக் கீழே போய், சேர்ட்டின் கையால் முகத்தைத் துடைத்து, மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் வாய் சற்றே திறந்துவிட்டது. அக்கா பகலில் நித்திரை கொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. வரிசை நகர்ந்தபோது எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் ஸ்கூட்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து அவருடைய சைக்கிளைத் தள்ளினேன், பிறகு திரும்ப என்னுடையதை. இப்படியே மத்தியானம் முழுக்கத் தள்ளி, பம்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்தபோது, பெற்றோல் முடிந்துவிட்டது என்று கையைக் காட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மரத்தடிக்குப் போய், தோளைத் தொட்டு எழுப்பிச் சொன்னேன்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினார். பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"சரி பிள்ளை," என்றார். "நாளைக்கு வருவம்."